'குல்டட்' துணிக்குத் தமிழில் என்ன பேர்? அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

காலடிப்பேட்டை தையல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டு முன்னறையில் மூன்று மெஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கிறேன். இத்தனை நாள் நைட்டியும் தலையணை உறையும்தான். ஆறு மாதமாகக் கைக்குழந்தைகளைப் படுக்க வைக்கிற சின்ன விரிப்பு தைக்கிறேன். மேலே பூப்போட்ட பருத்தித் துணி, அடியில் மல் துணி, நடுவில் தகடாக வருகிற பஞ்சு. மூன்றையும் சேர்த்து வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டினால் விரிப்பு தயார். எம்.சி. ரோட்டில் நான் துணி எடுக்கிற கடையில் இதைப் பில்லில் 'குல்டட்' என்று போடுகிறார்கள். அது குவில்டட் என்று என் பெண் திருத்துகிறாள்.

ஒவ்வொரு விரிப்போடும் ஒரு சின்னச் சீட்டு வைக்கிறேன், எப்படித் துவைப்பது, எப்படிக் காயப்போடுவது என்று. அதைத் தமிழில் அடிக்க வேண்டும் என்று ஆசை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். 'மெத்தை' என்று எழுதினால் போன் செய்து எத்தனை இன்ச் கனம், இலவம்பஞ்சா தேங்காய் நாரா என்று கேட்கிறார்கள். 'பஞ்சுத் துணி' என்றால் பருத்தித் துணி என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'போர்வை' என்று போட முடியாது, இது அடியில் விரிப்பது. அகராதியைப் பார்த்தால் அங்கேயும் மெத்தை, போர்வை என்றுதான் இருக்கிறது. நடுவில் பஞ்சு வைத்துத் தைத்தது என்பதை ஒரே சொல்லில் சொல்லத் தமிழில் வழி இல்லையா? இந்த 'குவில்ட்' என்பதற்கே அர்த்தம் என்ன?

பழைய வண்ணை எழுதியது:

நல்ல கேள்வி அக்கா. நான் கேள்விப்பட்டது, ஆங்கிலத்தில் 'குவில்' என்றால் இறகுத் தண்டு. அந்தக் காலத்தில் வாத்து இறகை அடைத்து மெத்தை தைப்பார்கள், அதனால் குவில்ட் என்று பேர் வந்தது என்று ஒரு ஏற்றுமதிக் கம்பெனி மாஸ்டர் சொன்னார்.

நூல்கண்டு எழுதியது:

அந்த மாஸ்டர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இறகுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஓசை ஒத்துப்போவதால் வந்த கதை அது.

குவில்ட் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே 'குல்கிட்டா' என்று ஒரு சொல், உள்ளே எதையாவது அடைத்த மெத்தை அல்லது திண்டு என்று அர்த்தம். ரோமாபுரிக்காரர்கள் ஆட்டு மயிர், இறகு, வைக்கோல் என்று வசதிக்குத் தகுந்தபடி அடைத்தார்கள். பழைய பிரெஞ்சு வாயில் அது தேய்ந்து ஏறக்குறைய 'குயில்ட்' ஆயிற்று. 1066ல் நார்மண்டிக்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள் அல்லவா, அவர்கள் பேச்சோடு கடல் தாண்டிப் போன சொற்களில் இதுவும் ஒன்று. 1300 வாக்கில் ஆங்கில எழுத்தில் வந்துவிட்டது. அப்போது அதற்கு அர்த்தம் படுத்துக்கொள்கிற மெத்தைதான். மேலே போர்த்திக்கொள்கிற கனமான துணி என்ற அர்த்தம் பிறகு ஏறியது. அதற்கும் பின்னால்தான் பஞ்சு வைத்துத் தைத்த எல்லாவற்றுக்கும், கோட்டு, பை, குளிர்ச் சட்டை வரைக்கும், 'குவில்டட்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆக, நீங்கள் முதலில் 'மெத்தை' என்று எழுதினீர்களே, அது தப்பே இல்லை. குவில்ட் பிறந்த வீட்டில் அதற்கு அதுதான் அர்த்தம்.

நம் 'மெத்தை'க்கு வேர் வேறு. மெது, மெத்து, மெத்தென்று எல்லாம் ஒரே குடும்பம். திருப்பாவையில் ஆண்டாள் 'மெத்தென்ற பஞ்ச சயனத்தின் மேலேறி' என்று பாடுகிறாரே, அந்த மெத்தென்றதுதான். கை வைத்தால் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிற சொல். லத்தீன் சொல்லிலும் சரி, தமிழ்ச் சொல்லிலும் சரி, தையல் என்ற விஷயமே கிடையாது. உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

மிண்ட் தெரு கணக்கு எழுதியது:

சௌகார்பேட்டையில் 22 வருஷம் துணிக்கடைகளில் கணக்கு எழுதியவன் நான். அங்கே இதை ரஜாய் என்பார்கள். ராஜஸ்தான்காரர்கள் வீட்டில் ரஜாய் இல்லாத கல்யாணச் சீர் கிடையாது. ஆனால் அக்கா தைப்பது ரஜாய் இல்லை. ரஜாய் மேலே போர்த்துவது, குளிருக்கு. சென்னைக் குளிருக்கு அதைப் போர்த்தினால் வேர்த்துக் கொட்டும். ஊரிலிருந்து வரும் உறவுக்காரர்களுக்காகவே வாங்கிப் பீரோ மேல் கட்டி வைத்திருப்பார்கள்.

அடியில் விரிக்கிற, பழந்துணியை அடுக்கித் தைக்கிற ஒன்று அவர்களிடமும் உண்டு. இந்தி பேசுகிறவர்கள் 'குத்ரி' என்பார்கள். எங்கள் கடையில் ஒரு மராட்டிக் குடும்பம் வாடிக்கை, அந்த அம்மா 'கோதடி' என்பார். பேரன் பிறந்தபோது, கடையில் எத்தனையோ புது விரிப்பு இருந்தும், தன் பழைய ஒன்பது கஜப் புடவையைக் கிழித்துத்தான் தைத்தார். புதுத்துணி குழந்தை உடம்பில் உறுத்துமாம். நூறு தடவை துவைத்த துணிதான் பூ மாதிரி இருக்கும் என்றார்.

வியாசர்பாடி மூணாவது தெரு எழுதியது:

எங்கள் வீட்டில் தெலுங்கு. அம்மா இதை 'பொந்த' என்பார். தமிழில் அப்படித்தான் எழுத முடிகிறது, வாயில் சொல்லும்போது முதல் எழுத்தை 'பந்து' என்பதில் வருகிற மாதிரி அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய சேலை நாலு, அப்பா வேட்டி இரண்டு, மேலே ஒரு நல்ல சேலை. ஊரில் மழைக்காலத்தில் பாய்க்கு மேல் அதுதான். வியாசர்பாடி வந்த பிறகும் ஒன்று வைத்திருந்தார். ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்னச் சின்னத் தையல், கண்ணாடி போடாமலே போடுவார்.

கன்னடத்தில் 'கவுதி' என்பார்கள். வங்காளத்தில் 'காந்தா'. தமிழில்தான் இதற்குச் சொல் இல்லை என்றால் நம்ப முடியவில்லை. நம் பாட்டிமார்களும்தானே தைத்தார்கள்.

ராயபுரம் தமிழாசிரியர் எழுதியது:

இருக்கிறது தம்பி. தினமும் வாயில் வருகிற சொல்தான். கந்தை.

வங்காளத்துக் காந்தாவும் தமிழின் கந்தையும் ஒரே சொல்லின் இரண்டு முகம். வடமொழியில் 'கந்தா' என்றால் துண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்த ஆடை, துறவிகள் போர்த்திக்கொள்வது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் கந்தையை அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வங்காளத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு ஏறிக்கொண்டே போயிற்று. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் தாமரையும் மீனும் தைத்தார்கள். இன்று காந்தா வேலை செய்த புடவை என்றால் ஆயிரக்கணக்கில் விலை. தமிழிலோ அதே சொல் கிழிசலுக்குப் பேராகி இறங்கிவிட்டது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லும்போது யாருக்குமே தைத்த துணி நினைவுக்கு வருவதில்லை.

உங்கள் விரிப்புக்கு அந்தச் சொல்லையே மீட்டெடுக்கலாம் அம்மா.

காலடிப்பேட்டை தையல் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்து எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் அம்மாவிடம் படித்துக் காட்டினேன், கோபம் வந்துவிட்டது. "பச்சப் புள்ளைய கந்தைல படுக்க வைங்கன்னு சீட்டு எழுதிக் குடுப்பியா? எவ வாங்குவா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சிறுவயதில் பள்ளிக்கூடத்தில் எங்கள் அம்மாவைக் 'கந்தல்' என்று கூப்பிட்ட பிள்ளைகள் இருந்தார்களாம். இப்போதும் அதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது. அந்தச் சொல்லை நான் சீட்டில் போட மாட்டேன். மன்னிக்கவும்.

இன்னொரு சந்தேகம். கந்தை என்பது ஒட்டுப்போட்ட துணி இல்லையா? நான் தைப்பதில் ஒட்டு கிடையாது. மேல்துணி ஒரே பீஸ்.

நூல்கண்டு எழுதியது:

அக்கா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். இரண்டும் இரண்டு வேலை. துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பரப்பாக்குவது ஒட்டுவேலை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு தையல் போடுவது வேறு. நம் ஊர் வீடுகளில் பழந்துணியை வைத்து இரண்டையும் ஒரே பொருளில் செய்ததால் பேர் கலந்துவிட்டது.

ராயபுரம் தமிழாசிரியர் எழுதியது:

அம்மாவின் வருத்தம் புரிகிறது. அவரைப் புண்படுத்தும் சொல் வேண்டாம். சீட்டில் போடச் சொன்னதை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். அந்தச் சொல் எப்போதுமே இழிவாக இருந்ததில்லை. சேக்கிழார் அடியார்களைப் பற்றிச் சொல்லும்போது

ஆரம் கண்டிகை ஆடையும் கந்தையே
பாரம் ஈசன் பணியலது ஒன்றிலார்

என்கிறார். அதே பாட்டில் அடுத்த வரியிலேயே 'யாதும் குறைவிலார்' என்கிறார். கந்தை உடுத்தியவர், ஆனால் ஒரு குறையும் இல்லாதவர். நீங்கள் இருப்பது திருவொற்றியூர். கோவணத்தோடு வாழ்ந்த பட்டினத்தாருக்குச் சமாதி இருப்பதும் உங்கள் கடற்கரையில்தான். 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே' என்று ஊசியை வைத்து அவரைத் திருப்பிய ஊர்க்கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

சரி, தைப்பதற்கு வருவோம். பத்துப்பாட்டில் பொருநராற்றுப்படை என்று ஒன்று, முடத்தாமக்கண்ணியார் கரிகாலனைப் பாடியது. அதில் வறுமையில் வாடுகிற பொருநன் உடுத்தியிருந்த துணியைச் சொல்கிறார்: ஈரும் பேனும் குடியிருக்க, வேர்வையில் நனைந்து,

வேற்றிழை நுழைந்த
துன்னற் சிதாஅர்

சிதார் என்றால் கிழிசல். துன்னல் என்றால் தையல். வேற்று இழை நுழைந்த என்ற இரண்டு சொல்லைப் பாருங்கள். நெய்தபோது இருந்த நூல் வேறு, பிறகு ஊசி வழியாக உள்ளே போன நூல் வேறு. தைத்துத் தைத்து, முதல் நூலைவிட வேற்று நூல்தான் அதிகம் என்கிற நிலை. அதைக் களையச் செய்து கரிகாலன் கொடுத்த புதுத்துணியோ 'நோக்கு நுழைகல்லா நுண்மைய', அதாவது இழை எங்கே போகிறது என்று கண்பார்வை நுழைய முடியாத மென்மை. பழந்துணியில் வேற்று நூல் நுழைகிறது, புதுத்துணியில் பார்வைகூட நுழையவில்லை. ஒரே 'நுழை'யை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறார். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

துன்னுதல் என்றால் நெருங்குதல், ஒன்றோடொன்று பொருந்துதல். தையலுக்கு இதைவிட நல்ல சொல் எது? சிலப்பதிகாரத்தில் புகார் நகரத் தெருவில் 'துன்ன காரரும் தோலின் துன்னரும்' வரிசையாக வருகிறார்கள். முதலில் வருபவர் துணி தைப்பவர், அடுத்தவர் தோல் தைப்பவர்.

பழைய வண்ணை எழுதியது:

ஐயா, துன்னம் அழகாக இருக்கிறது. ஆனால் சீட்டில் 'துன்ன விரிப்பு' என்று போட்டால் வண்ணாரப்பேட்டையில் 'தின்ன' என்று படிப்பார்கள். குழந்தை வாயில் வைக்கிற சாமான் வேறு.

கோணி ஊசி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் அப்பா புளியந்தோப்பில் இலவம்பஞ்சு மெத்தை தைத்தவர். சொல்லாராய்ச்சி எனக்குத் தெரியாது. வேலையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், மெத்தையும் அக்கா தைப்பதும் ஒன்று கிடையாது.

இலவம்பஞ்சு அடைக்கிற அன்றைக்கு ஜன்னலெல்லாம் சாத்திவிடுவார். ஃபேன் கிடையாது. வாயில் ஈரத்துணி கட்டியிருப்பார். உறைக்குள் கையை முழங்கை வரைக்கும் விட்டு முதலில் நாலு மூலை, அப்புறம் ஓரம், கடைசியில்தான் நடு. நிரப்பி வாயைத் தைத்தவுடன் பார்க்க உப்பி அழகாக இருக்கும். அப்படியே கொடுத்தால் பத்தே நாளில் ஆள் படுக்கிற இடம் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. பஞ்சுக்குக் கால் உண்டு, பாரம் எங்கே விழுகிறதோ அங்கிருந்து ஓடிவிடும் என்பார் அப்பா. அதனால் கோணி ஊசியில் கெட்டி நூல் கோத்து மேலிருந்து கீழே குத்தி இறக்கி, கீழே திருப்பி மேலே ஏற்றி முடிச்சுப் போடுவார். முடிச்சுக்குள் ஒரு சின்னத் துணிக் கிழிசலை வைத்துக் கட்டுவார், இல்லாவிட்டால் நூல் துணியை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும். சாணுக்கு ஒரு முடிச்சு.

மெத்தையில் பஞ்சுதான் முதலாளி. தையல் அதற்குக் காவல்காரன். அக்கா தைக்கிற விரிப்பில் அப்படி இல்லை. பஞ்சு ஒரு விரல் கனம்கூட இருக்காது. அதற்கு வடிவம் கொடுப்பதே தையல்தான். தையலைப் பிரித்துவிட்டால் ஒருமுறை தண்ணீரில் போட்டதும் மூன்று துணியும் தனித்தனியாக நிற்கும், பஞ்சு கட்டி கட்டியாக உருண்டு ஒரு மூலையில் கிடக்கும். கட்டம் பெரிதானால் பஞ்சு நகரும். ரொம்பச் சின்னதானால் துணி அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். அதனால் பேர் வைத்தால் தையலை வைத்துத்தான் வைக்க வேண்டும். மெத்தை என்று வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். தையலை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டுகிறீர்களா, ஓரத்திலிருந்தா?

காலடிப்பேட்டை தையல் எழுதியது:

முதல் பத்து விரிப்பு ஓரத்திலிருந்து ஓட்டினேன் அண்ணே. நடுவில் துணி சுருக்கம் சுருக்கமாகக் கூடிக்கொண்டு நின்றது. பிரித்துப் பிரித்து விரல் நுனி எல்லாம் புண். அப்புறம்தான் நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அங்கிருந்து நாலு பக்கமும் ஓட்ட ஆரம்பித்தேன். சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. உங்கள் அப்பாவைப் பார்த்திருந்தால் அந்தப் பத்தும் வீணாகியிருக்காது.

நூல்கண்டு எழுதியது:

கோணி ஊசி அண்ணன் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. 'தை' என்ற நம் சொல்லையே பாருங்கள். துணியைத் தைக்கிறோம். முள் காலில் தைத்தது என்கிறோம். அம்பு தைத்தது என்கிறோம். தமிழில் தையல் என்றாலே குத்தி உள்ளே போவது. ஜப்பானில் மீனவரும் உழவரும் பழந்துணிகளை அடுக்கி வெள்ளை நூலால் தைப்பார்கள், பேர் 'சாஷிகோ'. அதற்கு அர்த்தமும் சின்னக் குத்துகள். லத்தீனிலும் இப்படித் தைத்த மெத்தைக்குத் தனிப் பேர் இருந்தது: 'குல்கிட்டா புங்க்தா', குத்திய மெத்தை.

இந்த இரண்டாவது பேருக்கு நேர்ந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பிரெஞ்சில் அது 'கூட் புவான்த்' ஆனது. 'கூட்' என்பதற்கு அர்த்தம் மறந்துபோய் யாரோ அதைக் 'கோந்த்ர்' என்று, எதிர் என்ற அர்த்தம் வருகிற மாதிரி, மாற்றிச் சொன்னார்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் 'கவுண்டர்பாயிண்ட்'. அங்கே 'பாயிண்ட்' எதற்கு என்று புரியாமல், துணித்துண்டு என்று பொருள்படும் 'பேன்' என்ற சொல்லை அதன் இடத்தில் வைத்தார்கள். 1600 வாக்கில் அது 'கவுண்டர்பேன்' ஆகிவிட்டது, கட்டில் விரிப்பு. முதல் பாதியில் மெத்தை போயிற்று, இரண்டாம் பாதியில் ஊசி போயிற்று. பொருள் மட்டும் கட்டில்மேல் அப்படியே கிடக்கிறது.

அக்கா இருக்கிற ஊர்ப்பேரிலும் இதேதான் நடந்திருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்த அமைத்த ஊர் காலட்பேட்டை. காலட் யார் என்று மறந்துபோக, வாய்க்குத் தெரிந்த 'காலடி' வந்து உட்கார்ந்துகொண்டது. காலடிப்பேட்டை.

மிண்ட் தெரு கணக்கு எழுதியது:

இவ்வளவு வருஷம் பெருமாள் காலடி பட்ட இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

நூல்கண்டு, இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில் கட்டில் விரிப்புக்கு ஒரு தனிப் பேர் உண்டு, 'பலம்பூர்'. ஊர்ப்பேர் மாதிரி இருக்கும், ஆனால் ஊர் இல்லை. 'பலங்க்போஷ்' என்பதுதான் அப்படி ஆனது. பலங்க் என்றால் கட்டில், போஷ் என்றால் மூடுவது. சோழமண்டலக் கரையில் கையால் வண்ணம் எழுதிய துணி அது, பெரிய மரம், கிளையெல்லாம் பூ. அதில் சிலவற்றுக்கு அடியில் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்தும் பயன்படுத்தினார்கள். ஐரோப்பாவில் அவ்வளவு மோகம். தங்கள் ஊர்க் கம்பளி, பட்டு நெசவு படுத்துவிடுகிறது என்று இங்கிலாந்தில் 1700லும் 1721லும் சட்டம் போட்டு நம் வண்ணத் துணிகளைத் தடுத்தார்கள்.

பழைய வண்ணை எழுதியது:

அந்தத் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால்தானே எங்கள் பேட்டைக்கே வண்ணாரப்பேட்டை என்று பேர். 1640ல் கோட்டை எழுந்த பிறகு கம்பெனிக்கு நெசவாளர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெளுப்பவர்களும் வேண்டியிருந்தார்கள். நெய்த துணி பழுப்பாகத்தான் வரும். வெளுத்தால்தான் அதில் வண்ணம் நிற்கும். அதைச் செய்தவர்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதுவதில்லை, அதனால் சொன்னேன்.

ராயபுரம் தமிழாசிரியர் எழுதியது:

நல்ல வேளையாக நினைவுபடுத்தினீர்கள். வெளுப்பவர்கள் தோளில் சுமந்தது எது? பொதி. அந்தச் சொல்லில்தான் விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

நான் முன்பு சொன்ன அதே பொருநராற்றுப்படையில், தொடக்கத்தில் யாழைச் சொல்கிற இடத்தில் 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' என்று ஒரு வரி வருகிறது. யாழின்மேல் போர்த்திய தோல் உறை அது. பொல்லம் பொத்துதல் என்றால் இரண்டு பக்கத்தையும் இணைத்துத் தைத்தல். தையல், பொதி, போர்வை மூன்றும் ஒரே வரியில். உள்ளே ஒன்றைப் பொதிந்து மேலே சேர்த்துத் தைத்தது. அம்மா செய்வதும் இதைத்தானே?

'பொதித்தையல்' என்று வைக்கலாமா? பஞ்சு பொதிந்த தையல். குவில்டட் விரிப்பு என்றால் பொதித்தையல் விரிப்பு, குவில்டட் கோட்டு என்றால் பொதித்தையல் கோட்டு. கோணி ஊசி கேட்ட தையலும் உள்ளே இருக்கிறது.

வியாசர்பாடி மூணாவது தெரு எழுதியது:

பொத்துதல் என்றால் தைத்தலா? நாங்கள் பொத்தல் என்றால் ஓட்டை என்றல்லவா சொல்கிறோம்! அப்போது சட்டைப் பொத்தானும் இதிலிருந்து வந்ததா ஐயா?

ராயபுரம் தமிழாசிரியர் எழுதியது:

பொத்தலும் உண்டு, அதை அடைக்கிற பொத்துதலும் உண்டு. வாயைப் பொத்து என்கிறோம் அல்லவா. பொத்தான் மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை, போர்த்துக்கீசியரோடு வந்த சொல். ஜன்னல், அலமாரி, சாவியோடு கப்பலில் வந்தது.

கோணி ஊசி எழுதியது:

பொதித்தையல் எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ் தெரிந்த ஒரு தையல்காரரிடம் சொன்னால் படம் காட்டாமலே கை புரிந்துகொள்ளும். பொதி என்றால் பாரம் என்று சிலர் நினைக்கலாம். பூ மொட்டுப் பொதி, நெல் பொதி என்றும் சொல்கிறோமே, பழகிவிடும்.

காலடிப்பேட்டை தையல் எழுதியது:

எல்லாருக்கும் பதில் போட நாலு நாள் ஆகிவிட்டது. பிரசவ வார்டு ஆர்டர் ஒன்று, இரவெல்லாம் மெஷின்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். சேக்கிழார் பாட்டை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஒன்றும் சொல்லவில்லை. சாயந்திரம் பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அடியில் ஆயாவுடையது ஒன்று இருந்தது, என் அம்மாவின் அம்மா தைத்தது. என்னையும் அதில்தான் போட்டிருந்தார்களாம். ஒரு ஓரம் எலி கடித்து வாய் திறந்திருந்தது. அம்மா அனுமதியோடு அந்த ஓரத்தை ஒரு சாண் அளவுக்குப் பிரித்துப் பார்த்தேன்.

மேலே கட்டம் போட்ட கைலி. அதற்குக் கீழே ஊதாச் சேலை, கரை மட்டும் இன்னும் நிறம் போகவில்லை. அதற்கும் கீழே காக்கி. தாத்தா பெரம்பூரில் பி அண்ட் சி மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் துணியில் தைத்த கால்சட்டை, இரண்டு காலையும் பிரித்துத் தட்டையாக விரித்து உள்ளே வைத்திருக்கிறார் ஆயா. மில்லை 1996ல் மூடியே விட்டார்கள், அந்தக் காக்கி இன்னும் நூல் விடவில்லை. காக்கிக்கு அடியில் கையில் ஏதோ முண்டு முண்டாகத் தட்டுப்பட்டது. பார்த்தால் அதற்குள்ளே இன்னொரு தைத்த விரிப்பு, இதைவிடப் பழசு, துணி கிட்டத்தட்டக் கரைந்துவிட்டது, தையல் வரி மட்டும் அப்படியே நிற்கிறது. அது யார் தைத்தது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. ஆயாவின் அம்மாவாக இருக்கலாம் என்றார். ஆசிரியர் ஐயா சொன்ன 'வேற்றிழை நுழைந்த' என்பதை அப்போதுதான் கையால் தொட்டேன்.

"ஆயா இதுக்கு என்னம்மா பேர் சொல்லும்?" என்று கேட்டேன். "பேரு என்ன பேரு, தச்ச துணின்னு சொல்லும். தச்ச துணிய எடு, புள்ளைய போடுன்னும்" என்றார்.

பிரித்த ஓரத்தை நானே கையால் ஓட்டுத்தையல் போட்டு மூடிவிட்டேன். மெஷினில் போட மனசு வரவில்லை. சீட்டை நேற்று அடிக்கக் கொடுத்தாயிற்று. மேலே பெரிய எழுத்தில் 'தைத்த துணி', அதன் கீழே 'குழந்தைகளுக்கான பொதித்தையல் விரிப்பு'. அப்புறம் மூன்று வரி: பச்சைத் தண்ணீரில் துவைக்கவும். முறுக்கிப் பிழிய வேண்டாம். நிழலில் விரித்துக் காயப்போடவும்.